கூரையில் நடந்த கலியாணம்

"பிள்ளை, உங்கட வீட்டில பழைய ஃபான் ஏதும் கிடக்கே?" என்று எதிர்வீட்டு நாகேந்திரம் அங்கிள் படிக்கட்டில் என்னை நிறுத்திக் கேட்டார்.

சீலிங் ஃபானா என்று கேட்டேன். இல்லை, கம்பியூட்டருக்குள் சுற்றுகிற சின்னன் என்றார். அண்ணாவின் பழைய கம்பியூட்டரில் ஒன்று இருக்கலாம் என்றேன். "ஒண்டுதானோ?" என்று அவருடைய முகம் வாடியது. எத்தனை வேண்டும் என்றதற்கு, ஆறு என்றார். எதற்கென்று கேட்பதா விடுவதா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, அவரே சொன்னார்.

"அன்ரிக்கு மகளின்ர கலியாணத்தைக் காட்ட வேணும். அவ மல்லாந்தெல்லே கிடக்கிறா. அப்ப சீலிங்கிலதானே காட்டலாம்."

வெள்ளவத்தையில் நாங்கள் நான்கு வருடமாக எதிரெதிர்க் கதவுகளில் இருக்கிறோம். அவ்வளவு நேரம் கதைத்தது அன்றுதான்.

அங்கிளின் மனைவி கனகேஸ்வரி அன்ரி குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் வெடிப்பு. எட்டு வாரம் தலையணைகூட இல்லாமல் நிமிர்ந்தே படுக்கவேண்டும் என்று களுபோவில ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். லண்டனில் மகள் தாரிகாவின் கலியாணத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. இருவருக்கும் விசாவும் வந்துவிட்டது. நாளைத் தள்ளிவைக்கிறேன் என்றாள் தாரிகா, அன்ரி விடவில்லை. நீங்களாவது போங்கோ என்றார் அன்ரி, அங்கிள் அசையவில்லை. நேரலையில் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆனால் போனை முகத்துக்கு மேலே பிடித்தால் ஐந்து நிமிடத்தில் அன்ரிக்குக் கை உளைந்தது.

அங்கிள் ஒரு புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து வந்தார். கூரையைப் பார்க்க நிமிர்த்தி வைத்ததும் அது சூடேறித் தானாக அணைந்தது. முப்பது வருடம் ஐஸ்கிறீம் கொம்பனியொன்றில் குளிர் அறைகளைப் பராமரித்தவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. சூட்டை அடக்கத் தெரியாத சாமான் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தானே ஒன்று செய்யத் தொடங்கினார்.

நூறு வாட் எல்.ஈ.டி விளக்கு, முன்னால் ஒரு லென்ஸ், இரண்டுக்கும் நடுவே உடைந்த டாப்லெட் ஒன்றில் கழற்றிய திரை. என் மடிக்கணினியில் ஓடும் படம் அந்தத் திரைக்கு வரும். விளக்கு அதைக் கூரைக்கு அனுப்பும். கொட்டாஞ்சேனையில் பழைய கம்பியூட்டர்களைப் பிரித்து விற்கும் நிஸாமிடம் தடித்த அலுமினியத் தட்டொன்று வாங்கி, சூட்டை இழுக்கவென்று பசை தடவி விளக்கின் முதுகில் இறுக்கினார். எல்லாவற்றையும் அடைத்த முதல் பெட்டியில் திரை அப்பளம்போலச் சுருண்டது. இரண்டாவது பெட்டியில் ஆறு ஃபான்களையும் பூட்டினார். மூன்று மணித்தியாலம் எரியவிட்டு வெப்பமானியைப் பார்த்தார். ஊசி ஏறவில்லை. அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

ஆனால் சோதனைக்கு அவர் போட்டது தாரிகாவின் பள்ளிக்கூடப் படங்களை. படங்களுக்குச் சத்தமில்லை.

கலியாணத்தன்று பின்னேரம் மூன்று மணிக்கு ஜன்னல்களில் போர்வை கட்டினோம். படத்தை மறைக்கும் என்று சீலிங் ஃபானின் தகடுகளை அவர் கழற்றிவிட்டிருந்தார். நான் கட்டிலருகே இருந்து அன்ரிக்கு விசிறினேன். அன்ரியின் கையில் ஒரு பிடி அட்சதை. கூரையில் மணவறை தெளிவாக வந்தது. கூடவே ஆறு ஃபான்களின் இரைச்சலும்.

"படம் வடிவாத் தெரியுது," என்றார் அன்ரி. "ஆனா இதென்ன, கலியாணம் மில்லுக்குள்ளயே நடக்குது?"

ஒலியை முழுதாகக் கூட்டியும் ஐயரின் மந்திரம் எடுபடவில்லை. இயர்போன் தரட்டுமா என்று கேட்டேன். அன்ரி வேண்டாமென்றார்.

"அவரும் கேக்க வேணுமெல்லே."

அங்கிள் அலுமினியத் தட்டில் விரலை வைத்துப் பார்த்தார். ஃபான் இல்லாமல் இரண்டு நிமிடம் தாங்கும், அதற்குமேல் திரை போய்விடும் என்று மெல்லச் சொன்னார். மாப்பிள்ளை தாலியைக் கையிலெடுத்தபோது ஆறையும் நிறுத்தினார்.

அறை அடங்கியது. கெட்டிமேளம் முழுதாகக் கேட்டது. அன்ரி அட்சதையை மேலே வீசினார். அது கூரையைத் தொடாமல் அவருடைய நெற்றியிலும் கன்னத்திலும் வந்து விழுந்தது.

மேளம் ஓயுமுன்னே கூரையின் நடுவில் மண்ணிறப் புள்ளியொன்று தோன்றி விரிந்தது. அங்கிள் ஃபான்களைப் போட்டும் அது போகவில்லை. மிச்சக் கலியாணத்தில் மணமக்களைக் காணவில்லை. ஓரத்தில் நின்றவர்கள்தான் தெரிந்தார்கள்.

"அது எங்கட றஞ்சிதமெல்லே? நல்லா மெலிஞ்சிட்டாள்," என்று அன்ரி அவர்களையும் விடாமல் பார்த்தார்.

நான் புறப்பட்டபோது அங்கிள் கதவு வரை வந்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, கலியாண வீடியோ அனுப்புவினம். அதை நான் ஆறுதலாப் பாப்பன். ஆனா தாலி கட்டேக்க அன்ரியின்ர முகம் அதில இராது. நான் தட்டில கையை வைச்சு, வெப்பமானியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். நீர் பக்கத்தில இருந்தனீர். எப்பிடி இருந்தது எண்டு ஒருக்காச் சொல்லும்."