அலி பாயின் மூன்று சட்டங்கள்

செய்யது அலி பாயைப் போல ஒரு கழுத்தறுப்பு மனிதரைக் கோவில்பட்டி வட்டாரத்தில் வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்காது. பதினாறு வருடம் அவர் பக்கத்தில் நின்று இரண்டாம் டிரம்பெட் ஊதியவன் சொல்கிறேன். என் பெயர் இசக்கிமுருகன். கல்யாணம், சடங்கு, சாவு, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் போகிற பேண்டு செட் எங்களுடையது. அதற்கு அவர்தான் மாஸ்டர். பகலில் மிக்சி ரிப்பேர் பார்ப்பார். மிச்ச நேரமெல்லாம் என் உயிரை எடுப்பார்.

அவரிடம் மூன்று சட்டம் இருந்தது. மூன்றும் அவருடைய வாத்தியார் மாயகிருஷ்ணன் சொன்னது. போலீஸ் பேண்டில் ஊதி ஓய்வுபெற்ற அந்த வாத்தியாருக்கு ஒரு சர்ச் பேண்டு மாஸ்டர் சொன்னாராம். அவருக்கு எவன் சொன்னானோ, அந்த மகராசன் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

முதல் சட்டம்: தினமும் டிரம்பெட்டைத் தொடுவதற்கு முன்னால், வாயில் வைக்கிற மவுத்பீஸை மட்டும் கழற்றி உதட்டில் வைத்து ‘பர்ர்ர்’ என்று அதிரவிட வேண்டும். அடுத்தது, ஊதின நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் சும்மா உட்கார வேண்டும். மூன்றாவதுதான் விஷம். பயிற்சியின்போது எவனாவது ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு டிரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பாராட்டு காதில் விழுந்தவன் அதற்கப்புறம் உருப்படியாக ஊத மாட்டானாம். இதைச் சாக்காக வைத்தே பதினாறு வருடத்தில் ஒருநாள்கூட அவர் என்னைப் பாராட்டியதில்லை. “ஏலே, கேவலமா இருக்கு. இன்னொரு தரம்.” எப்போதும் இதே பாட்டுதான்.

தை மாதம் ஒரு காலையில் வாய் கொப்பளிக்கப் போனவருக்குத் தண்ணீர் வலது ஓரமாக ஒழுகியது. முகவாதம். வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. சரியாகும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பேண்டு செட்டை நடத்துகிற பிரேமலதா அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“பங்குனித் திருவிழாவுக்குள்ள பாய் ஊதலைன்னா நீதாம்ல மாஸ்டர்.”

பொய் சொல்ல மாட்டேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

நலம் விசாரிக்கிற சாக்கில் என் பவுசைக் காட்டத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தௌலத் பேகம் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

“தம்பி, அவிய சரியா சோறு திங்க மாட்டேங்காவ. டிரம்பெட்டை எவனுக்காவது குடுத்துருன்னு சொல்லுதாவ. நீங்க ஒரு வார்த்தை கேளுங்க.”

உள்ளே பாய், மூட முடியாத வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சே என்றாகிவிட்டது எனக்கு. கூடவே பொத்துக்கொண்டு வந்தது கோபம். என்னைப் பதினாறு வருடம் வறுத்தெடுத்துவிட்டு இவர் மட்டும் சுவரைப் பார்ப்பாரா?

“எந்திரிங்க பாய். முதல் சட்டம் என்ன?” என்றேன்.

ஊருக்குள் ஊதினால் வேடிக்கை பார்ப்பார்கள் என்று அவருக்கு வெட்கம். அதனால் புதூர் ரோட்டில் உளுந்து பிடுங்கின கரிசல் காட்டுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மவுத்பீஸை உதட்டில் வைத்தார். காற்று வலது ஓரமாகப் புஸ்ஸென்று போனது, எச்சில் தாடியில் வழிந்தது. ஐந்து நிமிடம் ஊதல், ஐந்து நிமிடம் சும்மா. செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு அதட்டினேன்.

“கேவலமா இருக்கு பாய். இன்னொரு தரம்.”

அதைச் சொல்வதில் எவ்வளவு சுகம் தெரியுமா! மறுநாளும் போனோம், அதற்கு மறுநாளும் போனோம். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற சீனித்தாய் எனக்குத் தங்கச்சி முறை. “என்னண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?” என்று தினமும் நக்கலடித்துவிட்டுப் போவாள். அவளைத் திட்டுவதற்காகவாவது பாய் உதட்டைக் குவித்துப் பழகினார்.

மாசி கடைசியில் ‘பர்ர்ர்’ வந்தது. கொடியேற்றத்துக்கு நாலு நாள் இருக்கும்போது டிரம்பெட்டையே எடுத்தார். முதலில் இருமல் மாதிரி என்னவோ வந்தது. அடுத்து ஒரு சுரம் வந்தது பாருங்கள், பிசிறே இல்லை. காட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நீண்டு போய் நின்றது. என் மாஸ்டர் வேலை அதோடு போயிற்று. பாழாய்ப்போன கண்ணில் எனக்குத் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

சீனித்தாய் கம்பை ஊன்றி நின்று, “நல்லா...” என்று ஆரம்பித்தாள்.

“ஏட்டி, வாயை மூடு!” என்று கத்தினேன்.

பாய் டிரம்பெட்டை இறக்கினார். இன்னும் லேசாகக் கோணியிருந்த வாயோடு என்னைப் பார்த்தார்.

“எப்படிலே இருக்கு?”

பதினாறு வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை அவர் என்னிடம் கேட்டதே இல்லை.

“கேவலமா இருக்கு பாய்” என்றேன். “இன்னொரு தரம்.”