இஷ்டமித்திர பந்து ஜனங்களுடன்: காசிம் நானா அடித்த பத்திரிகை

காசிம் நானா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கிட்டங்கியில் அரிசி மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். அடக்கம் முடிந்து திரும்புகையில் நம்மில் சிலர் வழக்கம்போல அந்த அழைப்புப் பத்திரிகைக் கதையை எடுத்தார்கள். "தங்கமான மனுசன்லா. ஆனா ஒரு பத்திரிகை அடிச்சாரே, பினாங்கே திரண்டு வந்துச்சு" என்றார் ஒருவர். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சூலியா தெரு அச்சுக்கூடம் ஒன்றில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். ஒரு முறை எங்கள் தெருவில் ஒருவருடைய கருமாதி அறிவிப்புக்காகக் கொட்டும் மழையில் நடந்து வந்தார். இறந்தவரின் தகப்பன் பெயருடைய முதலெழுத்து சரிதானா என்று கேட்டுப் போகவே வந்தாராம். "செத்தவரு வந்து திருத்தச் சொல்ல மாட்டாரு தம்பி, நாமதான் பாக்கணும்" என்றார். அப்படிப்பட்டவர் தலையில்தான் அந்தக் கதை ஏறியிருக்கிறது.

என் தங்கை மரகதம் சீனியர் பரீட்சை தேறி, ஆசிரியைப் பயிற்சிக்கும் இடம் கிடைத்திருந்த வருஷம் அது. அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா சொன்னதே சட்டம். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் ரயில்வே வேலையில் இருந்த அவர், படித்தது போதும், மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். அவளுடைய தலைமையாசிரியையையும் ஒரு நாற்பது பேரையும் கூப்பிட்டு ஒரு பாராட்டு விருந்து வைத்தால், சபை நடுவே அவரால் மறுக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். கையில் இருந்ததோ இருபத்தைந்து வெள்ளி.

எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்தேன். புதிதாக எழுத்துக் கோத்தால் கூலி அதிகம் என்பதால், அச்சுக்கூடத்தில் கோத்தபடியே இருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயரையும் விஷயத்தையும் மட்டும் மாற்றச் சொன்னேன். நானா புரூப்பை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்கே வந்தார். "வரி வரியாப் பாருங்க தம்பி. கல்யாண வாசகம் கண்ணுக்குப் பழகிப்போனது, தாண்டிப் போயிரும்" என்றார். எனக்கு அன்று தலைக்கு மேல் வேலை. நான் பார்க்கவில்லை. சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பத்திரிகைகள் போய்ச் சேர்ந்த பிறகு பெரியப்பாவிடமிருந்து ஆள் வந்தது. அக்கரையிலிருந்து இருபத்திரண்டு பேருடன் வருகிறாராம். பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். 'தாங்கள் தங்கள் இஷ்டமித்திர பந்து ஜனங்களுடன் விஜயம் செய்து' என்ற வரி அப்படியே இருந்தது. அழைத்த நாற்பது பேரும் குடும்பம், சம்பந்தி, சினேகிதர் என்று திரண்டால் என்ன ஆவது? அழைத்தவரை வராதே என்று சொல்லவும் முடியாது.

அச்சுக்கூடத்துக்கு ஓடி நானாவிடம் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் புரூப்பை எடுத்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு, இலை போட்டுச் சாப்பாடு வைத்தால் பாதிப் பந்தியில் மாட்டிக்கொள்வோம், தேத்தண்ணியும் அவித்த கடலையும் வாழைப்பழமும் என்றால் எத்தனை பேருக்கும் காணும் என்றார். தம் மச்சான் கடையிலிருந்து பெரிய அண்டாவையும் அவரே தூக்கிவந்தார்.

நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். விருந்து என்று நம்பி வந்த கூட்டத்தின் நடுவே பெரியப்பா கடலையைப் பார்த்தார், முகம் சிவந்தது. ஊரைக் கூட்டி மானத்தை வாங்குகிறாயா, இந்த லட்சணத்தில் தங்கைக்கு மேல்படிப்பு வேறா என்று துண்டை உதறி எழுந்தார். மரகதம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் நானா கையில் தேத்தண்ணிக் குவளையுடன் குறுக்கே வந்தார்.

"பெரியவரே, தப்பு அச்சுல. நான் எடுக்க வேண்டிய வரிய விட்டுட்டேன். இவங்க நாப்பது பேரத்தான் கூப்பிட்டாங்க. கோவத்த என் மேல வைங்க."

பெரியப்பா அவரைத் திட்டித் தீர்த்தார். திட்டி முடித்ததும் கோபம் வடிந்து உட்கார்ந்தார், தேத்தண்ணியையும் வாங்கிக்கொண்டார். தலைமையாசிரியை பயிற்சியைப் பற்றிக் கேட்டபோது சரி என்று தலையாட்டினார்.

விஷயம் அச்சுக்கூட முதலாளி காதுக்கும் போயிற்று. நானாவிடமிருந்து கல்யாணப் பத்திரிகை வேலையைப் பிடுங்கி, துண்டு நோட்டீசுகளுக்கு மாற்றினார்கள். உண்மையைச் சொல்லட்டுமா என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தங்கச்சி படிப்பு முடியட்டும் தம்பி" என்றார். படிப்பு முடிந்தது. அவள் வேலைக்கும் போய்விட்டாள். அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. கோழை நான்.

இதை அச்சில் பெரியப்பா வாசிப்பார். மரகதமும் இன்றுதான் தெரிந்துகொள்வாள். அவரிடமிருந்து நான் திரும்ப வாங்கிக்கொள்வது அந்த ஒரு தப்பைத்தான். அது முதலிலிருந்தே என்னுடையது. இனி அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என் பெயரைப் போட்டே சொல்லுங்கள்.