புதுத்துணி என்று பழி சுமந்த பழைய துணிகள்

1. "இது பழசே இல்லை"

என் தொழிலில் நான் அதுவரை கேட்டது ஒரே ஒரு புகார்தான். பழைய துணியைப் புதுசு என்று தலையில் கட்டிவிட்டாய் என்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு நல்ல பழக்கம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், மைசூர் மண்டி மொஹல்லாவில் நான் வாடகைக்குப் பிடித்திருந்த ஹாலில், புதுத்துணியைப் பழசு என்று தலையில் கட்டப் பார்க்கிறாய் என்று ஒரு மேடம் சொன்னார்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் துணியைத் தொட்டால் அது எத்தனை தீபாவளி பார்த்தது என்று சொல்லிவிடுவேன். தமிழ்க்காரர்கள் நிறைந்த மார்டள்ளி கிராமத்துப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து, எவர்சில்வர் பாத்திரக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு விஜயநகர் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினவன். பழைய புடவை, பேன்ட், சட்டை கொடுத்தால் பாத்திரம் கொடுப்பேன். வாங்கின துணியை மூன்று ரகமாகப் பிரிப்பேன். முதல் ரகத்தைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டால் சந்தைக்குப் போகும். இரண்டாம் ரகம் கட்டட வேலைக்காரர்களுக்கு. மூன்றாம் ரகம் மெக்கானிக் ஷாப்பில் கை துடைக்க. ஒரு நூல் வீணாகாது. இதற்கு இப்போது பெரிய பெயர்கள் வைத்து மீட்டிங் போட்டுப் பேசுகிறார்களாம். நாங்கள் பெயர் வைக்க நேரமில்லாமல் செய்துகொண்டிருந்தோம்.

பழசைப் புதுசு போலக் காட்டுவதில் மைசூரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பிரச்சினையே அதனால்தான் வந்தது.

2. ஆர்டர்

நந்தினி மேடம் பெங்களூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்தார். சொந்த ஊர் சென்னை. பழைய காட்டன் துணித் துண்டுகளை ஒட்டுச் சேர்த்துத் தைத்த போர்வை, அதாவது குவில்ட், வெளிநாட்டுக்கு வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார்.

"அங்க பழசுதாங்க கேக்கறாங்க. ஒரு புதுத்துணிக்கு எவ்வளவு தண்ணி, எவ்வளவு சாயம் போகுதுன்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டாங்க. ரீசைக்கிள் பண்ணின துணின்னு லேபிள் போட்டு விப்பாங்க."

"லேபிள்லயே பழசுன்னு போடுவாங்களா மேடம்?"

"ஆமா."

"அதைப் படிச்சிட்டும் வாங்குவாங்களா?"

"படிச்சிட்டுத்தான் வாங்குவாங்க."

வியாபாரத்தில் எனக்குத் தெரியாத விஷயமும் இருக்கிறது என்று அன்று முதல் தடவையாகத் தோன்றியது. டீ குடித்ததும் சரியாகிவிட்டது.

கையில் கிடைத்ததை வைத்து அவசரமாக ஒரு சாம்பிள் தைத்துக் கொடுத்தேன். நைந்து, வெளுத்து, ஒரு துவைத்த கர்ச்சீப் மாதிரி இருந்தது. மேடம் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஓகே சொன்னார். ஆர்டர் என் பெயருக்கு வந்தது.

நான் ஹாலைப் பிடித்தேன். மெஷின் போட்டேன். கார்மென்ட் ஃபேக்டரியில் வேலையில் இருந்த தங்கமணியையும் அவளோடு மூன்று பெண்களையும் கூட்டி வந்தேன். "அண்ணா, இருக்கற வேலையை விட்டுட்டு வர்றோம். இது நிலைக்குமா?" என்று தங்கமணி கேட்டாள். "இந்த மாரப்பன் தொட்ட வேலை நிலைக்காம போனது இல்ல" என்றேன். நால்வரும் ஃபேக்டரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். திரும்பிப் போனால் அங்கே எடுக்க மாட்டார்கள்.

வெளிநாட்டுக்குப் போகிற சரக்கை அந்த சாம்பிள் மாதிரி அழுக்குமூஞ்சியாகவா அனுப்புவது? வெளுத்த பாகத்தை எல்லாம் கழிக்கச் சொன்னேன். புடவையில் கொசுவத்துக்குள்ளே மடிந்து வெயில் படாத பாகம், சட்டையில் உள்மடிப்பு, இப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்தோம். நீலம் போட்டு, கெட்டிக் கஞ்சியில் முக்கி, மொடமொடவென்று இஸ்திரி போட்டோம். அடுக்கி வைத்ததைப் பார்த்தால் ஜவுளிக்கடை மாதிரி இருந்தது.

3. இன்ஸ்பெக்ஷன்

மேடம் வந்தார். மேலே இருந்த குவில்ட்டைத் தடவினார். அடியில் இருந்து ஒன்றை உருவினார். முகம் மாறிவிட்டது.

"மாரப்பன், இது மில் கட்பீஸ்."

"ஐயோ மேடம், சத்தியமா பழசுங்க!"

"வேற ஊர்ல ஒருத்தர் இப்படித்தான் கட்பீஸ் வாங்கித் தச்சுட்டுப் பழசுன்னு அனுப்பினார். கஸ்டமர் கண்டுபிடிச்சு மொத்தமும் திரும்பி வந்துது. எனக்கு வேலை போக வேண்டியது."

"கஞ்சி போட்டிருக்கோம் மேடம், அதான் இப்படி."

"புதுத்துணிக்கும்தான் மில்லுல கஞ்சி போடறாங்க."

தங்கமணி எழுந்து வந்தாள். "மேடம், இந்தக் கையால நாங்க பழைய சட்டை காலரைப் பிரிச்சிருக்கோம். அந்த வேர்வை நாத்தம் இன்னும் மூக்குல நிக்குது."

"உங்களை நான் குறை சொல்லலைம்மா. இது பழசுன்னு நான் கையெழுத்துப் போடணும். எதை நம்பிப் போடறது?"

கழித்த துண்டுகளைக் காட்டலாம் என்றால், அவை ஏற்கெனவே மெக்கானிக் ஷாப்பில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தன. மேடம் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். தங்கமணி மேடத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இதுல ஏதாவது ஒண்ணை நீங்களே உருவுங்க" என்றேன். "இந்தத் துணியெல்லாம் எங்க இருந்து வந்துச்சோ அங்க போலாம். ஆட்டோல கால் மணி நேரம்."

4. விஜயநகர்

நான் முன்கூட்டியே ஆள் வைத்திருப்பேன் என்ற சந்தேகத்தில், எந்தத் தெரு என்பதை மேடமே ஆட்டோக்காரரிடம் சொன்னார். எனக்கு எல்லாத் தெருவும் ஒன்றுதான்; ஒவ்வொரு போர்வையிலும் எல்லாத் தெருத் துணியும் கலந்திருந்தது. இறங்கி, முதல் வீட்டு காம்பவுண்டுச் சுவரில் குவில்ட்டை விரித்துப் போட்டு, பழைய ராகத்தில் குரல் கொடுத்தேன்.

"பழைய துணிக்குப் பாத்திரேய்!"

ஒரு அம்மா வந்து பார்த்தார். "நல்லா இருக்கே, புதுசா? என்ன விலை?" என்றார். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது வீட்டில் நாய் மட்டும் வந்தது. அது ஒன்றும் அடையாளம் சொல்லவில்லை.

மூன்றாவது வீடு ரிட்டயர்டு ரயில்வே கார்டு வீடு. அவர் மனைவி கமலாம்மா வெளியே வந்தார். குவில்ட்டைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"யோவ், வந்துட்டியா! எத்தனை நாளா உன்னைத் தேடறேன்! மூணு புடவையை வாங்கிட்டு மூடி இல்லாத தூக்கைக் குடுத்துட்டுப் போனவன்தானே நீ? மூடி அடுத்த வாரம்னே, எந்த வருஷத்து அடுத்த வாரம்?"

"அம்மா, அது அப்புறம். இந்தப் போர்வையைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். உள்ளங்கையால் ஒரு கட்டத்தை அழுத்தினார். "இது என் சுங்குடிப் புடவை! சாந்து கலர், மஞ்சப் புள்ளி. மதுரைல இருந்து எங்க அண்ணி கொண்டு வந்தது. இதைப் போய்க் கிழிச்சு ஒட்டுப் போட்டிருக்கே! அதுவும் மூடி இல்லாத தூக்குக்கு!" உள்ளே போய்த் தூக்கையே எடுத்து வந்து மேடத்தின் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்கம்மா. இதுல ரசம் கொண்டு போனா வீடு போய்ச் சேருமா?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீடுகள் திறந்தன. எதிர்வீட்டம்மா இன்னொரு கட்டத்தைத் தன் சமையலறைத் திரை என்றார். தனக்குக் கிடைத்த இட்லித் தட்டு ஒரே மாதத்தில் வளைந்ததையும் சேர்த்துச் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். வாழ்க்கையில் திட்டு வாங்கும்போது அவ்வளவு நிம்மதியாக நான் நின்றதில்லை.

கடைசியில் கார்டு சாரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஓரத்தில் இருந்த நீலக் கட்டம் போட்ட துண்டில் கை வைத்தார்.

"கமலா."

"என்னங்க?"

"இந்தச் சட்டையை டோபி நஞ்சப்பா தொலைச்சிட்டான்னு சொன்னே."

கமலாம்மா தூக்கை மேடத்திடம் இருந்து திருப்பி வாங்கிக்கொண்டார். "அதைப் போட்டா நீங்க ஹோட்டல் மேஜை மாதிரி இருந்தீங்க. அதான்."

"நஞ்சப்பாவை வீட்டுப் படி ஏறாதேன்னுட்டேன் கமலா. அவன் கண்ணுல தண்ணி விட்டுட்டுப் போனான்." பிறகு துண்டைத் தடவிப் பார்த்து என்னிடம் சொன்னார். "ஆனா என் சட்டை வெண்ணெய் மாதிரி இருக்கும். இதை என்னய்யா அப்பளம் ஆக்கி வெச்சிருக்கே?"

மேடம் அப்போதுதான் சிரித்தார்.

5. தேறியது

"மாரப்பன், கையெழுத்துப் போடறேன். ஆனா எல்லாத்தையும் பச்சைத் தண்ணில அலசுங்க. கஞ்சி சுத்தமா போகணும். பழசு பழசா இருக்கட்டும்" என்றார் மேடம்.

அந்தக் குவில்ட் மட்டும் ஷிப்மென்ட்டுக்குப் போகவில்லை. கார்டு சார் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நஞ்சப்பா வீட்டைத் தேடி அப்படியே தெருவில் இறங்கிவிட்டார். சாட்சிக்கு வேண்டுமாம். யாரும் தடுக்கவில்லை. அதற்குப் பதில் ஒன்றைத் தங்கமணி தைத்தாள். மற்றதெல்லாம் மொட்டைமாடியில் வரிசையாகக் காய்ந்து, குழைந்து, பழைய துணியாகவே லாரி ஏறியது. அடுத்த ஆர்டர் வந்தபோது தங்கமணி என்னைக் கேட்காமலே இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்திருந்தாள்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் நிறையப் படித்திருக்கிறார்கள். சரக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குச் சர்டிஃபிகேட் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் துணி கொடுத்தவர்களின் வாசலுக்கும் நீங்களே போங்கள். உங்களை அடையாளம் கண்டு, நிறுத்தி வைத்துத் திட்டுகிற நாலு பேர் இருக்கிற வரைக்கும் உங்கள் சரக்கு பழசு என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை.

அந்த வாரமே கமலாம்மாவுக்கு மூடி கொண்டுபோய்க் கொடுத்தேன். பொருத்திப் பார்த்தார். இறுக்கமாக இருக்கிறது, திறக்க வரவில்லை என்று திட்டினார்.