ஒரு செபமாலை எடுக்கும் கணினி

எங்கள் வீட்டுக் கணினி திறந்து வேலைக்கு வர ஒரு முழுச் செபமாலை சொல்லி முடிக்கும் நேரம் எடுக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. விசுவாச மந்திரம் தொடங்கும்போது பொத்தானை அழுத்தினால், மாதா பிரார்த்தனை முடியும்போதுதான் திரையில் படம் வரும். சில நாட்களில் அதற்கு மேலால் ஒரு பாட்டும் படிக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. அவளுக்கு உலகத்தில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். பொழுதுபட்டதும் நாங்கள் நாலு பேரும் ஒன்றாக இருந்து செபமாலை சொல்ல வேண்டும். அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான். என் வீட்டில் அது நடந்ததே இல்லை. மகனுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் குளிக்கத் தோன்றும். மகளுக்கு வயிற்றுக்குத்து வரும். நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்கிறேன், ஆகையால் எனக்கு எப்போதும் ஒரு கப்பல் வந்துகொண்டிருக்கும்.

"உங்கட கப்பல் எல்லாம் கோயில் மணி அடிச்சாப் பிறகுதான் வரும்" என்பாள்.

கணினி வந்ததும் அவளுக்கு வழி திறந்தது. ஹோலில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே பிளக், மாதா சுரூபம் வைத்த தட்டுக்கு நேர் கீழே இருந்தது. கணினியையும் அங்கேயே வைத்தோம். மகனுக்குப் பழைய வினாத்தாள், மகளுக்கு சூம் வகுப்பு, எனக்குக் கப்பல் கடதாசி. பொழுதுபட்டால் மூன்று பேரும் அதன் முன்னால்தான் நிற்போம். கோயில் மணி கேட்டதும் மனைவி வந்து பொத்தானை அழுத்துவாள், அதே கையோடு மெழுகுதிரியைக் கொளுத்துவாள்.

"அது எழும்புமட்டும் ஏன் சும்மா நிக்கிறியள்? முழங்கால்ல இருங்கோ."

எங்கே ஓடுவது? ஒவ்வொரு செபத்திலும் முன்பாதியை அவள் சொல்வாள், பின்பாதியை நாங்கள் மூவரும் சொல்வோம். ஒரு கண் மாதாவில் இருக்கும், மற்றக் கண் திரையில் சுற்றும் வட்டத்தில் இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட ஆக்கள் இப்ப கொம்பியூட்டரையும் கும்பிடத் தொடங்கிட்டினமோ?" என்று மனைவியிடம் கேட்டாராம்.

ஒருமுறை பங்குச் சுவாமியார் வீடு மந்திரிக்க வந்தார். "இதுக்கும் கொஞ்சம் தெளிச்சு விடுங்கோ சுவாமி" என்றாள் மனைவி. நான் குறுக்கே பாய்வதற்குள் தீர்த்தம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கணினி இன்னும் சுணங்கியது. மனைவிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

கடைசியில் பொறுமை கெட்டவன் நான்தான். ஒருநாள் கப்பல் ஒன்று உள்துறைமுகத்தில் காத்து நிற்க, கந்தோரிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. இங்கே வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. செபமாலை மணிகளில் மூன்றாவது பத்தின் நடுவில், "நாசமாப்போன சாமான்!" என்று கத்திவிட்டேன். மாதாவுக்கு நேரே நின்று சொன்ன சொல் என்பதால் மனைவி அன்று என்னோடு கதைக்கவில்லை. நானும் சளைக்காமல், விடிந்ததும் கணினியைத் தூக்கி ஓட்டோவில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். திருத்தும் கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம்.

"திறக்க எவ்வளவு நேரம் எடுக்குது சேர்?"

வேறு அளவு எனக்குத் தெரியாது. "ஒரு செபமாலை" என்றேன்.

அவர் கணினியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். "பரவாயில்ல. எங்கட வாப்பாட கொம்பியூட்டர் ஒரு தராவீஹ் எடுக்கும்" என்றார். நோன்பு இரவுகளில் அவர்கள் தொழும் நீண்ட தொழுகை அது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடலாம் என்று ஒன்றை எடுத்துக் கையில் தந்தார். சவர்க்காரக் கட்டியைவிட மெல்லியது, பாரமே இல்லை. "உள்ளுக்க ஏதும் இருக்கோ?" என்று கேட்டுவிட்டேன்.

"சுத்துற சாமான் ஒண்டும் இல்ல சேர். பழசில தட்டுச் சுத்தி ஊசி தேடோணும். இதில தேடுற வேலையே இல்ல."

எங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றித் தந்தார். அன்று மாலை கோயில் மணி அடித்தது. மனைவி பொத்தானை அழுத்தினாள், திரியைக் கொளுத்தினாள், பிதா சுதன் சொல்லிச் சிலுவை அடையாளம் போட்டாள். அவளுடைய கை கடைசியாக வலது தோளுக்குப் போய்ச் சேர்வதற்குள் திரை பளிச்சென்று வந்துவிட்டது.

"அம்மா, வந்திட்டுது!" என்று மகன் துள்ளினான்.

"வரட்டும். நீ இரு" என்றாள்.

இருந்தான்தான். ஆனால் திறந்து கிடக்கும் கணினியின் முன்னால் முழங்காலில் நிற்பது, பரிமாறிய சோற்றின் முன்னால் கை கட்டிக்கொண்டு இருப்பது மாதிரி. அடுத்தடுத்த நாட்களில் மகன் ரியூசனுக்குப் பாடம் என்று கழன்றான், மகள் வகுப்பு என்று கழன்றாள், எனக்குக் கப்பல் வந்தது. மூன்று பேரும் முறை வைத்துக் கணினியில் இருந்தோம். மனைவி யாரையும் ஏசவில்லை. இருபது வருடமாக அவளிடம் ஏச்சு வாங்கிப் பழகிய எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை மாலை என் முறை. நான் கதிரையில் இருந்து தட்டச்சுச் செய்ய, எனக்குப் பக்கத்தில் அவள் தனியாக முழங்காலில் இருந்தாள். முன்பாதியைச் சொன்னாள். ஒரு மூச்சு விட்டாள். பிறகு குரலைத் தணித்து, நாங்கள் மூவரும் சொல்ல வேண்டிய பின்பாதியையும் தானே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அந்த மூச்சுக்கு இடம் விட்டாள். எங்களுக்காக விட்ட இடம் என்பது எனக்கு விளங்கியது. மனம் பொறுக்கவில்லை. அடுத்த மூச்சில் கதிரையில் இருந்தபடியே பின்பாதியை நான் சொன்னேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "கப்பல் எங்கயும் ஓடாது. இறங்கி வாங்கோ" என்றாள்.

இறங்கினேன். அந்தப் பத்து முடிந்ததும் செபமாலையை என் கையில் வைத்துவிட்டு, "அடுத்த பத்துக்கு முன்பாதியை நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். வாழ்நாளில் நான் முன்பாதி சொன்னதில்லை. பின்பாதிக்காரனாகவே வளர்ந்தவன். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் இயேசுவின் வாழ்வில் அந்த நாளுக்குரிய ஒரு நிகழ்ச்சியை, தேவ இரகசியம் என்று, சொல்ல வேண்டும். மூன்றாவது தேவ இரகசியம் என்று தொடங்கி, வாயில் வந்ததைச் சொன்னேன். திங்கட்கிழமை சந்தோஷ இரகசியம், இயேசு பிறக்க வேண்டிய இடம். நான் பிள்ளை பிறப்பதற்கு முன்பே தலையில் முள்முடியை வைத்துவிட்டேன்.

அறைக்குள் மகள் வெடித்துச் சிரித்தாள். மகன் கதவைத் திறந்து, "அம்மா, அப்பா என்ன சொல்லுறார்?" என்று ஓடி வந்தான். இரண்டு பேரும் இருபக்கமும் முழங்காலில் இருந்துகொண்டு, நான் அடுத்து எங்கே விழுவேன் என்று காத்திருந்தார்கள். நானும் ஏமாற்றவில்லை. செபமாலையின் பத்து மணிகளை எண்ணிப் பன்னிரண்டு ஆக்கினேன். பின்பாதியை அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வீடே அதிரச் சொன்னார்கள்.

அதன்பிறகு முன்பாதி எனக்குத்தான். கோயில் மணி அடிக்க, கூப்பிடாமலே பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். எனக்கு ரோசம் வந்து, ஒருநாள் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய், எந்த நாளுக்கு எந்த இரகசியம் என்று ஒழுங்காகச் சொல்லித் தா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள். "நீங்கள் அதைப் பாடமாக்கினால் பிள்ளையள் வராதுகள்."