ஏரித் தண்ணீர் தெளியும்வரை

காய்ந்த துணியைக் கொடியில் விட்டுவைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. வெயில் இறங்குவதற்குள் எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, அலமாரியில் அதனதன் தட்டில் வைத்தால்தான் அடுத்த வேலை ஓடும். ஆனால் இப்போது பின்புறக் கொடியில் ஒரு துண்டு கிடக்கிறது. சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. கரையின் சிவப்பு வெளிறிச் செங்கல் நிறமாகிவிட்டது. ஒரு மூலையில் நூல் பிரிந்திருக்கிறது. காய்ந்து நாளாகிறது. எடுக்கலாம் என்று போகிறேன், கையை நீட்டுகிறேன், திரும்பி வந்துவிடுகிறேன். அது என் அண்ணனுடைய துண்டு. என்னைத் தலைமுழுகுவதற்காகவே அவர் புதிதாக வாங்கிக்கொண்டு வந்தது.

நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் எங்களுக்கிருந்த கொஞ்சம் நிலத்தை, மீசை சரியாக முளைக்காத வயதிலேயே அண்ணன் உழ ஆரம்பித்தார். எனக்கு அவர்தான் அப்பா. ஏரிக் கரையில் என்னைக் குளிப்பாட்டி, "தலைய குனி பாப்பா" என்று சொல்லித் துண்டால் முரட்டுத்தனமாகத் துவட்டுவார். காது வலிக்கும். வலிக்கிறது என்றால், "ஈரம் தலையில தங்குனா சளி புடிக்கும், அப்புறம் அம்மா என்னத்தான் திட்டுவா" என்பார். பள்ளிப் படிப்பை முடித்ததும், ஊரார் ஏதேதோ சொல்லியும் கேளாமல், செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

எழுபதுகளில் அங்கே எல்லாம் கையால் இணைக்கும் பலகைதான். யாராவது அழைத்தால் அவர்களுடைய எண்ணுக்கு நேரே ஒரு சின்ன மூடி 'டக்' என்று விழும். கயிற்றை அந்தத் துளையில் செருகி, எந்த நம்பர் என்று கேட்டு, இன்னொரு கயிற்றால் இணைத்துவிட வேண்டும். ஒழுங்கான வேலை; எனக்கேற்ற வேலை. ஒரு நாள் காலை மதுராந்தகம் லைனின் மூடி விழுந்தது. செருகி, "நம்பர்?" என்றேன். "பாப்பா" என்றது அண்ணன் குரல். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. லைன் திறந்தே கிடந்தது. அம்மா இல்லை என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பயம் பிடித்தது. எந்த மூடி விழுந்தாலும் அதன் பின்னால் ஒரு சாவு காத்திருப்பதாகத் தோன்றும். உள்ளங்கை வேர்த்துக் கயிறு நழுவும். தவறான துளையில் செருகி, அரிசி மண்டிக்காரரை ஆஸ்பத்திரியோடும், ஆஸ்பத்திரியைப் போலீஸ் ஸ்டேஷனோடும் இணைத்தேன். விடுதி அறைக் கதவைப் பூட்டிவிட்டுத் தெருக்கோடிவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஊருக்குப் போனால் அண்ணன் வீடு அண்ணி வீடாகியிருந்தது. அம்மாவின் பெட்டி இருந்த இடத்தில் நெல் மூட்டை இருந்தது. யார் மேலும் குற்றமில்லை. ஆனால் நான் யாருடையவள் என்ற கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. பதில் இல்லாத இடத்தில்தான் பயம் குடியேறுகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் சூப்பர்வைசரம்மா கிறிஸ்தவர். என்னைத் திட்டியிருக்க வேண்டியவர், திட்டவில்லை. பலகை முன்னால் உட்காருமுன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். என்ன வேண்டிக்கொள்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "இன்னிக்கு யாருக்கும் கெட்ட சேதி வரக்கூடாதுன்னு. அப்படியே வந்தாலும், அத கேக்கிறவங்க தனியா இருக்கக் கூடாதுன்னு" என்றார். மதுராந்தகம் லைன் திறந்தே கிடந்த அந்தக் காலை என் காதில் மறுபடி இரைந்தது. அந்த வாரமே அவரோடு ஜெபக் கூட்டத்துக்குப் போனேன்.

ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு ஓட்டுக் கட்டடம். பாயில் உட்கார்ந்த பெண்கள், என் ஊர் எது, தெரு எது, யார் மகள் என்று விசாரிப்பார்கள் எனப் பயந்துகொண்டே போனேன். என் பெயரை மட்டும் கேட்டார்கள். பிறகு அந்தப் பெயரைச் சொல்லி, முன்பின் தெரியாத எனக்காக, கண்ணீரோடு ஜெபித்தார்கள். ஊராருடைய அழைப்பையெல்லாம் யார் யாருக்கோ இணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவளை, முதல்முறையாக யாரோ அழைத்தது போலிருந்தது. பயம் அன்றே போய்விடவில்லை. ஆனால் பயத்தோடு போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது. மாதங்கள் போகப் போக, மூடி விழும்போது என் கை முன்போல நடுங்கவில்லை. ஒரு குரலை முடித்துவிட்டு அடுத்த குரலுக்குக் காது கொடுக்க முடிந்தது. கடைசியில் ஞானஸ்நானம் பெற விரும்புகிறேன் என்று போதகரிடம் நானாகவே சொன்னேன். புதுப் பெயர் வேண்டுமா என்று கேட்டார். அம்மா வைத்த பெயரே இருக்கட்டும் என்றேன். "கர்த்தருக்கு அந்தப் பேரு ஏற்கெனவே தெரியும்மா" என்று சிரித்தார்.

அண்ணனிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால் பிணம் போன பிறகு எல்லோரும் தலைமுழுகுவார்கள். உயிரோடிருக்கும் ஒருவரை இனி வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அதே முழுக்கைத்தான் முழுகுவார்கள். சித்தப்பா மகள் தன் இஷ்டத்துக்கு ஒருவரோடு போனபோது, சித்தப்பா ஏரியில் முழுகி எழுந்து, ஈர வேட்டியோடு தெரு நடுவே நடந்து வந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பின்னொரு நாள் அந்த அக்கா குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். யாருடைய கண்ணும் அவள் மேல் நிற்கவில்லை. அவளைத் தாண்டித் தெருவைப் பார்த்தன. சித்தி கோழியை விரட்டினாள். வெகுநேரம் நின்றுவிட்டு அவள் போனாள். செத்தவர்களைக்கூட நாங்கள் அழுது கூப்பிடுவோம். அவளை யாரும் கூப்பிடவில்லை.

அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். வாளி காலியானதும் நிமிர்ந்தார்.

"வேதத்துல சேரப் போற."

"ஆமாண்ணா."

"நான் இன்னா கொற வெச்சேன் ஒனக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணா. எனக்குப் பயமா இருந்துச்சி. அங்க போனா..."

"பயமா இருந்தா வூட்டுக்கு வர்றது." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "சரி. நீ என்னிக்கு முழுவுறியோ, அன்னிக்கு நானும் முழுவிடறேன். அம்மாவுக்கு முழுவுன மாதிரி. அதோட விட்டுது."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். அளந்து சொன்னார். சொன்னதைச் செய்கிறவர் அவர்.

சபைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. அதில்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். முந்தின வருடம் மழை பொய்த்துக் கிணறு வற்றிப்போனதால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலுக்குப் போவதென்று முடிவானது. அதற்கு முந்தின நாள் மதுராந்தகம் லைனின் மூடி விழுந்தது. "நம்பர்?" என்றேன். "நம்பர் வேணாம். எந்த எடம், எத்தினி மணி, அத மட்டும் சொல்லு" என்றார் அண்ணன். சொன்னேன். லைனை வைத்துவிட்டார். அன்று மறுபடியும் ஒரு கயிற்றைத் தவறான துளையில் செருகினேன்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய் இறங்கி, சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் நடந்தோம். ஏரிக்காரி நான், கடலை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. ஏரி இருக்கிற இடத்தில் இருக்கும். இது எழுந்து எழுந்து வந்தது. கட்டுமரத்தின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா எல்லாரும் வெள்ளையில வந்துகீறீங்க, ஷூட்டிங்கா? ஹீரோயின் யாரு?" என்றார். பக்கத்திலிருந்த பெண், "ஒன் மூஞ்சிக்கு வலைய பாரு" என்று அவர் முதுகில் தட்டினாள். எங்களில் சிலர் சிரித்தார்கள். நான் தோப்பைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு சவுக்கு மரத்தடியில் அண்ணன் நின்றிருந்தார். மேல்சட்டை இல்லை. தோளில் அந்தத் துண்டு, கடையில் மடித்த மடிப்புக் குலையாமல்.

என்னோடு முழுக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள். கரையில் பாட்டு நடந்தது. எனக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. தோப்பிலிருந்து அவர் மெல்ல மெல்லக் கடலை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவர் முழுகி எழுந்துவிட்டால் இந்த உலகத்தில் என்னைப் பாப்பா என்று கூப்பிட ஆளில்லை. இப்போதே ஓடிப்போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன? சூப்பர்வைசரம்மா என் கையைப் பிடித்தார். "பயமா இருந்தா இன்னொரு நாள் வெச்சிக்கலாம்மா. கட்டாயம் ஒண்ணுமில்ல" என்றார். அவர் அப்படிச் சொன்னதால்தான் இறங்கினேன் என்று நினைக்கிறேன். பயமில்லாத ஒரு நாளுக்காகக் காத்திருந்தால் அது வராது என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

போதகர் தொட்டித் தண்ணீருக்குப் பழகியவர். கரையிலிருக்கும் சபையைப் பார்த்தபடி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். வலைக்காரர் எழுந்து நின்று, "சாமி, கடலுக்கு முதுவ காட்டாத" என்று கத்தினார். பாட்டுச் சத்தத்தில் அது போதகருக்குக் கேட்கவில்லை. விசுவாசிக்கிறாயா என்று கேட்டார். தலையசைத்தேன். என்னைச் சாய்த்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் பின்னாலிருந்து வந்த அலை எங்கள் இருவரையும் சேர்த்து அடித்தது.

மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. வாயில் மணல், மூக்கில் உப்பு. சாகப் போகிறேன் என்று தெளிவாக நினைத்தேன். ஆனால் அதே கணத்தில், அம்மா போனதிலிருந்து எனக்குள் இடைவிடாமல் விழுந்துகொண்டிருந்த மூடிகளின் சத்தம் அங்கே இல்லை. அவ்வளவு அமைதி. கர்த்தாவே என்றுகூடச் சொல்லவில்லை. கூப்பிடு தூரத்தைவிட அருகில் அவர் இருப்பதாகத் தோன்றியது. இதை விளக்க எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கழித்தும் என் நம்பிக்கையின் அடியில் இருப்பது அந்த ஒரு கணம்தான்.

போதகர் என் ஒரு மணிக்கட்டை விடவேயில்லை. இன்னொரு கையை வேறொரு முரட்டுப் பிடி பற்றித் தூக்கியது. இருமிக்கொண்டே கண்ணைத் திறந்தால் அண்ணன். மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். மற்றக் கையால் துண்டைத் தலைக்கு மேலே, நனையாமல், தூக்கிப் பிடித்திருந்தார்.

கரைக்கு இழுத்து வந்து, "தலைய குனி" என்றார். குனிந்தேன். அந்தப் புதுத் துண்டால் துவட்டினார். காது வலித்தது. அவருடைய தலைமுடி காய்ந்தே இருந்ததைக் கவனித்தேன். இனிமேல்தான் முழுகப் போகிறார். துண்டை என் தலையிலேயே விட்டுவிட்டு, கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உப்புத் தண்ணி. இதுல முழுவுனா செல்லாது" என்றார். "நம்ம ஏரியிலதான் முழுவணும். ஏரியில தண்ணி வரட்டும்."

ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு தோப்பைப் பார்த்து நடந்தார். போதகர் ஏதோ சொல்லக் கை தூக்கினார். அண்ணன் திரும்பவில்லை.

அந்த வருடம் ஒவ்வொரு மேகத்துக்கும் நான் பயந்தேன். செங்கல்பட்டில் தூறல் போட்டால், மதுராந்தகத்தில் எவ்வளவோ என்று மனம் கணக்கிடும். சபையில் எல்லோரும் மழை கேட்டு ஜெபித்தபோது என்னால் முழு மனதோடு ஆமென் சொல்ல முடியவில்லை. ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. மதுராந்தகம் லைன் விழுந்தது.

"ஏரி ரொம்பிடுச்சி பாப்பா."

பலகையில் இன்னொரு மூடி விழுந்தது. நான் அதைத் தொடவில்லை.

"ஒரே கலங்கலா கீது" என்றார். "தெளியட்டும்."

அடுத்த வருடம் அவருக்குச் சளி. அதற்கடுத்த வருடம் கதிர் முற்றி நின்றது, அறுப்பை விட்டு எங்கே போவது. பிறகு கரையில் பாம்பைப் பார்த்தாராம். கடைசிவரை அவர் என் சபைக்குள் கால் வைக்கவில்லை. என் கல்யாணத்தன்று கேட்டுக்கு வெளியிலேயே நின்று, வந்தவர்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். நான் செய்தது சரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணி சொல்லிக்காட்டும்போதெல்லாம், "முழுவத்தான் போறேன், விடு" என்பாராம். எனக்கும் அந்தப் பயம் முழுவதுமாகப் போகவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு கணம் வந்து பார்த்துவிட்டுப் போகும்.

போன மாதம் தொலைபேசி அடித்தது. இப்போது மூடியும் இல்லை, கயிறும் இல்லை. அண்ணன் மகன் பேசினான். "அத்தை" என்றான்; அதற்குமேல் அவனுக்கும் பேச்சு வரவில்லை.

கிளம்பும்போது அலமாரியிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக்கொண்டேன். பிணம் போன பிறகு பெண்கள் கிணற்றடியில் வரிசையாகத் தலைமுழுகினார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "நீ வேதக்காரியாச்சே, ஒனக்கு இன்னா தீட்டு" என்றாள். குத்தலாகச் சொன்னாளோ, கரிசனமாகச் சொன்னாளோ தெரியாது. தீட்டு என்று ஒன்று எனக்கில்லை என்பது தெரியும். எந்தத் தண்ணீர் என்னைக் கழுவியது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நகர முடியவில்லை. அண்ணிதான் குடத்தை என் பக்கம் தள்ளினாள். "அவளுக்கு இல்லாம வேற யாருக்குடி?" என்றாள்.

தண்ணீரை ஊற்றிக்கொள்ளப் பயமாக இருந்தது. ஊற்றிக்கொண்டால் அவர் போனது உறுதியாகிவிடும். அவர் எனக்காகத் தள்ளித் தள்ளி வைத்த முழுக்கை, அவருக்காக நான் முழுகினேன். பிறகு நானே குனிந்து, காது வலிக்கத் துவட்டிக்கொண்டேன்.

ஈரத்தோடு கொண்டுவந்து கொடியில் போட்ட துண்டு அது. இன்றும் வெயில் இறங்கிவிட்டது. மற்றத் துணிகளையெல்லாம் எடுத்து மடித்தாகிவிட்டது. அது கிடக்கட்டும். நாளைக்குப் பார்க்கலாம்.