ஓர் ஊர், இரண்டு நிழற்குடைகள்

இலத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் தென்காசி பஸ்ஸுக்காக நிற்கிறேன். குற்றாலத்துச் சாரல் இன்று இங்கே வலுத்த மழையாகவே பெய்கிறது. சாலையோரம் அடுத்தடுத்து இரண்டு நிழற்குடைகள். நான் ஒதுங்கியதில் என்னையும் துண்டு போர்த்திய ஓர் அண்ணாச்சியையும் தவிர யாருமில்லை. மற்றதில் கூரை பெயர்ந்து மழை உள்ளேயே கொட்டுகிறது, கூட்டமோ அங்கேதான். கைக்குழந்தையோடு ஒரு பெண் அதன் விளிம்பில் முக்கால்வாசி நனைந்து நிற்கிறாள். இங்கே வரச் சொல்லிக் கையசைக்கிறேன். பார்த்தும் பார்க்காதவள் போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

“அவுக வர மாட்டாக, சார். அது அவுக தெருவுக்கு, இது எங்களுக்கு,” என்கிறார் அண்ணாச்சி. “அவுக எடத்துல அவுக, எங்க எடத்துல நாங்க. எங்க ஊரு மாதிரி ஒத்துமை இந்த வட்டாரத்துலயே கெடையாது. ஒரு சண்டை, ஒரு கேஸு உண்டுமா, கேட்டுப் பாருங்க.”

கேட்கவில்லை. நனையாத பக்கத்திலேயே நானும் நிற்கிறேன்.

பஸ் வருகிறது. அது ஒன்றுதான் என்பதால் எல்லோரும் அதிலேயே ஏறுகிறோம். அண்ணாச்சிக்கு உட்கார இடம் கிடைக்கிறது. நிற்பவர்களின் பையையும் பிள்ளையையும் உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கிக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். நெரிசலில் கைமாறிக் கைமாறி அந்தக் குழந்தை அவர் மடிக்கே வந்து சேர்கிறது. அவர் தயங்கவில்லை. தன் துண்டால் அதன் தலையைப் பதமாகத் துவட்டுகிறார். பிறகு நிமிர்ந்து, தாய்க்காரியை அதட்டுகிறார்.

“ஏட்டி, பச்சப் புள்ளைய இப்பிடியா நனைய விடுவ? எங்கன நின்ன?”

“எங்க எடத்துலதான்யா.”