மைக்செட்காரர் வீட்டுத் தாலாட்டு

ஒட்டன்சத்திரத்துல இருந்து பாச்சலூர் ஏறுற பஸ்ஸிலதான் தேவகுமாரி அந்தப் பாட்டை முதமுதல்ல கேட்டா. 'தங்கத்துக்குப் போனவளே, என்னத் தரையில போட்டவளே'ன்னு ஒருத்தன் தொண்டை கிழிய அழுறான். பின்னால வயலினெல்லாம் கூடச் சேந்து அழுகுது. பஸ்ஸே உச்சுக் கொட்டுச்சு. இவ மட்டும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. குரல் மதனோடது. மெட்டு இவ அம்மாவோடது.

மதன் யாருன்னு சொல்லிப்புடுறேன், ஒளிச்சு வைக்க என்ன இருக்கு. கொடைக்கானல்ல ஒரு காட்டேஜில இவ ரூம் கூட்டுற சோலி பாத்த காலத்துல, அங்க வர்ற டூரிஸ்டுகளுக்கு கிடார் வாசிச்சவன். கல்யாணம் பண்ணிக்கிறேன்னான். சென்னைக்குப் போய்ப் பெரிய பாடகனாகி வந்து கூட்டிட்டுப் போறேன்னான். போனான், போன் நம்பரை மாத்துனான், அம்புட்டுதான். இவ காத்துக் காத்துப் பாத்துட்டு, பாச்சலூர் மைக்செட்காரர் மலைச்சாமிக்குக் கழுத்த நீட்டுனா. மதன் சங்கதியை அவர்கிட்ட மூச்சு விடல. இப்ப அந்த வெக்கங்கெட்ட பய, இவதான் நகைக்கு ஆசப்பட்டு அவனை விட்டுட்டுப் போனதாப் பாடி வச்சிருக்கான்.

பாட்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. யூடியூப்ல அதுதான் முதல்ல, எஃப்எம்ல வாராவாரம் அதுதான் முதல்ல. ரீல்ஸ்ல பிள்ளைக கண்ணுக்குக் கீழ தண்ணியைத் தொட்டு வச்சுக்கிட்டு வாயசைக்குதுக. வாழ்க்கையில ஒருத்தரையும் பிரியாததெல்லாம் அதைக் கேட்டு அழுகுது.

மலைச்சாமி நல்ல மனுசன். அவளுக்குப் பயமே அதுதான். திருவிழா, காதுகுத்துன்னு ராவெல்லாம் குழாய் ஸ்பீக்கருக்குக் காவல் இருந்துட்டு வெள்ளனே வந்து படுப்பார். இவ அடுப்படியில சோலி பாத்துக்கிட்டே அம்மாவோட தாலாட்டை முணுமுணுப்பா. வார்த்தை இருக்காது, மெட்டு மட்டும். அது காதுல விழுந்தாத்தான் அவருக்குத் தூக்கம் பிடிக்கும். மதன் பாட்டு வந்ததென்னவோ இந்த மாசியிலதான். இவ முணுமுணுக்குறது கல்யாணமான நாள்ல இருந்து. ரெண்டும் ஒரே மெட்டுன்னு, காதை வச்சே பொழைக்கிற மனுசனுக்கு எத்தன நாளைக்குத் தெரியாமப் போகும்?

அதனால வாயை மூடிட்டா. அவ செஞ்ச தப்பு அதுதான். வீடு கம்முன்னு ஆகிப்போச்சு. மலைச்சாமி கண்ணைத் தொறந்தபடி படுத்துக் கெடந்தார்.

"என்ன தேவி, தொண்டை கட்டிருச்சா?"

"ஆமாங்க. பனி."

சித்திரை வெயில் பொளக்குது, பனியாம். அவர் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்தார்.

அங்க மதன் பேட்டி மேல பேட்டி குடுத்தான். முதல்ல, அவ கொடைக்கானல் பொண்ணுன்னான். அப்புறம், காட்டேஜில வேலை பாத்தவள்னான். அதுக்கப்புறம், அவ ஆளுக சிலோன் தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்தவங்கன்னான். ஒவ்வொரு பேட்டிக்கும் கண்ணி ஒரு சுத்து இறுகுச்சு. அவ கையில கெடைச்சா என்னென்ன செய்யணும்னு வீடியோவுக்குக் கீழ ஆளாளுக்கு எழுதியிருந்தானுக. வாசிச்சாச் சோறு இறங்காது. கொடைக்கானல் பஜார்ல காய் விக்கிற சிலோன்கார வீட்டுப் பொண்ணு ஒருத்திய, அவதான் பாட்டுல வர்ற பொண்ணுன்னு நெனச்சு நாலு பயலுக படம் பிடிச்சு, கூடையை எத்திவிட்டுட்டுப் போனானுக. ஒரு பாவமும் அறியாத பொண்ணு. அதைக் கேள்விப்பட்ட அன்னைக்கு தேவகுமாரி கதவைச் சாத்திக்கிட்டு அழுதா.

மாரியம்மன் கோயில் பொங்கலன்னைக்குக் காலையில, மலைச்சாமிக்குச் சாப்பாடு கொண்டு போனா. சுத்திலும் பொம்பளைக பானையைக் கிண்டிக்கிட்டிருக்காக. அவர் தூக்குவாளியை வாங்கிக் கீழ வச்சுட்டு மைக்கை நீட்டுனார்.

"மைக் டெஸ்ட் பண்ணணும். எப்பவும் முணுமுணுப்பியே, அதப் பாடு."

அவர் முகத்துல ஒண்ணும் தெரியல. அவ மைக்கை வாங்குனா. ஏதாச்சும் சாமி பாட்டைப் பாடித் தப்பிச்சிருக்கலாம். யாரு கேக்கப் போறா? ஆனா பஜார்ல உருண்ட கூடை கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு. பாடுனா, அம்மாவோட வார்த்தையிலயே.

"லயத்தோரம் குழி வெட்டி உன்னக் கிடத்திட்டு வாரேன்,
கப்பல் ஏறப் போறேன் ராசா, கண்ணுறங்கு."

பாறை மேல கட்டுன குழாய் அதைப் பள்ளம் முழுக்கக் கொண்டு போச்சு. கிண்டுன கரண்டியெல்லாம் நின்னுச்சு.

"இது அந்தத் தங்கத்துப் பாட்டுல்ல?" பானை கிண்டிக்கிட்டிருந்த பெருமாயி கேட்டா.

"இது எங்கம்மா பாட்டு," தேவகுமாரி மைக்கிலயே சொன்னா. "சிலோன்ல எங்கண்ணன் கைப்பிள்ளையாச் செத்தப்ப, தோட்டத்து ஆளுக குடியிருந்த லயத்து வீட்டோரம் அவனப் பொதைச்சுட்டுப் பாடுனது. மதனுக்கு நான்தான் பாடிக் காட்டினேன்."

மலைச்சாமி கை சுவிட்சுக்குப் போச்சு. அவ அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"இருங்க. அவன் பாடுற பொண்ணு நான்தான். ஆனா விட்டுட்டுப் போனது அவன். நான் இல்ல. பஜார்ல இருக்குற பொண்ணை விட்டுருங்க."

கூட்டத்துல ரெண்டு மூணு போன் அவளைப் பாத்து நிமிந்திருந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள அது எங்கெங்க போகும், எவனெவன் மலையேறி வருவான்னு அவளுக்குத் தெரியும்.

திருவிழா முடிஞ்சு வீட்டுக்குத் திரும்புறப்ப, மலைச்சாமி வேன்ல ஏறிச் சாவியைத் திருகாம உக்காந்திருந்தார்.

"நகைக்கு ஆசப்பட்டவளாம்," அப்படின்னார். "உன் கழுத்துல கெடக்குறது மஞ்சக்கயிறு. அது எனக்குத் தெரியாதா?"

அவ கயித்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டா.

"அதக் கேட்டுத்தான தேவி இத்தன வருசமாத் தூங்குனேன். எனக்காக முணுமுணுக்குறேன்னு நெனச்சேன்."

ஆமான்னு சொல்லியிருந்தா அவர் நம்பியிருப்பார். ஆனா மைக்கில உண்மையைச் சொன்ன வாய், வேன்ல பொய் சொல்ல மாட்டேன்னுச்சு.

"நெறைய நாள் எங்கம்மாவ நெனச்சுத்தாங்க," அவ சொன்னா. "ஆரம்பத்துல, அவன நெனச்சும்தான்."

மலைச்சாமி தலையை ஆட்டிட்டு வண்டியை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போலப் படுத்தார். அவ அடுப்படிக்குப் போய் முணுமுணுத்துப் பாத்தா. அவர் எந்திரிச்சுப் போய் வாசல்ல உக்காந்துட்டார்.